13 பிள்ளைகள் படிக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியை இடம் மாற்றப் போகிறார்களாம். கையெழுத்துப் போடலாமா?

எழுதியவர்: எடைமேடைக் கிராணி

வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளி விவகாரங்களில் அனுபவம் உள்ளவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். ஊர் பெயரையும் மாநிலத்தையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் மறுநாள் காலையிலேயே எங்கள் தலைமையாசிரியருக்குத் தொலைபேசி வரும். நல்ல மனிதர், அவரை வம்பில் மாட்டிவிட மனமில்லை.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. பழக்குலை ஏற்றிய லோரி உள்ளே போகும்போது ஓர் எடை, வெறும் வண்டியாக வெளியே வரும்போது ஓர் எடை, இரண்டையும் எழுதி வைப்பதுதான் என் வேலை. மகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்கு ஐந்து வயது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். இருப்பதே 10 குடும்பம், போன ஆண்டுக் கூட்டத்தில் தலையைக் குனிந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பள்ளியில் மொத்தம் 13 பிள்ளைகள். முதலாம் ஆண்டில் 1, மூன்றாம் ஆண்டில் 3, நான்காம் ஆண்டில் 4, ஐந்தாம் ஆண்டில் 2, ஆறாம் ஆண்டில் 3. இரண்டாம் ஆண்டில் ஒருவரும் இல்லை. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே அறையில் பாடம் நடக்கிறது. ஆசிரியர்கள் எட்டுப் பேர், நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு விளையாட்டுப் போட்டியில் நீல இல்லத்துக்கு அஞ்சலோட்டத்தில் ஓர் ஆள் குறைந்ததால் பள்ளித் தோட்டக்காரர் ஓடினார். அவர்தான் முதலில் வந்தார்.

என் பாட்டி காலத்தில் இங்கே பால்மரம், அதாவது ரப்பர். லயன் வீடுகள் நிறையத் தமிழ்க்குடும்பங்கள். இப்போது 17 குடும்பங்கள். மற்ற வேலையாட்கள் எல்லாரும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் தனியாக வந்த ஆண்கள்.

போன வாரம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளி மேலாளர் வாரியத் தலைவரும் உடன் வந்தார். இங்கிருந்து 40 கிலோமீட்டரில் புதிதாக ஒரு வீடமைப்புப் பகுதி எழும்புகிறது. அங்கே தமிழ்க்குடும்பங்கள் அதிகம். வீடு கட்டும் நிறுவனம் பள்ளிக்கு நிலம் ஒதுக்கியிருக்கிறது. நம் பள்ளியை அங்கே மாற்றலாம் என்றார்கள். மாத முடிவுக்குள் சங்கம் சம்மதத் தீர்மானம் எழுதித் தர வேண்டுமாம். தட்டச்சு செய்த தாள் தயாராகக் கையோடு வந்தது. கையெழுத்துக் கோடு மட்டும்தான் காலி.

நான் கேட்க விரும்புவது: கையெழுத்துப் போடாவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்களா? போட்டால் எங்கள் 13 பிள்ளைகள் எங்கே போவார்கள்? அந்தப் பள்ளி மண்டபத்தைத் தோட்டத்து மக்கள் சம்பளத்தில் மாதம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) பிடித்துக் கட்டினார்கள். அது யாருக்குச் சேரும்?

என் கணவர் லோரி ஓட்டுநர். "போட்டுக் கொடு, நாமும் டவுனுக்குப் போய்விடலாம்" என்கிறார். அவருக்கு எல்லாமே ஒரு லோடு.


எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் கையெழுத்தினால் மட்டும் பள்ளி நிற்கப் போவதும் இல்லை, நகரப் போவதும் இல்லை. முடிவு கல்வி அமைச்சினுடையது. ஆனால் பின்னால் ஏதாவது தவறிப் போனால், கையில் பிடித்துக் கேட்பதற்கு அந்தத் தீர்மானத்தின் வாசகம் ஒன்றுதான் உங்களுக்கு இருக்கும். அதனால் அவர்கள் எழுதிக் கொண்டுவந்த தாளில் போடாதீர்கள். உங்கள் தாளை நீங்களே எழுதுங்கள்.

இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்று தெரிந்துகொண்டால் மண்டபக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வெள்ளைக்கார துரைகளுக்குத் தமிழ் மீது பாசம் வந்துவிடவில்லை. குடும்பத்தோடு கூலி கிடைக்க அதுவும் ஒரு வழி. மாட்டுக்கொட்டகை மாதிரி ஒரு கூரை, கணக்குப்பிள்ளையே வாத்தியார். எப்படியோ, பள்ளி தோட்ட நிலத்தில் முளைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் ஆசிரியர் சம்பளத்தையும் பாடத்திட்டத்தையும் ஏற்றது, நிலம் மட்டும் கம்பெனியிடமே நின்றது. 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்று சொல்வதன் பொருள் அதுதான். கூரையை மாற்றுவதற்குக்கூட நில உரிமையாளரிடம் கடிதம் வாங்கியவன் நான். உங்கள் மண்டபம் உங்கள் உழைப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நிற்கும் மண் கம்பெனியுடையது. பள்ளி போன பிறகு அதைச் சாமான் அறையாக்கினாலும் கேட்க வழியில்லை.

இனி உரிமம். நாடு சுதந்திரம் அடைந்தபோது 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520 சொச்சம். புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் ஆளில்லாத தோட்டத்திலிருந்து பழைய உரிமத்தை எடுத்து ஆள் இருக்கும் ஊரில் நடுகிறார்கள். உங்கள் பள்ளி ஒரு நாள் மூடப்பட்டால் ஒரு பள்ளி கணக்கிலிருந்து போய்விடும். மாற்றப்பட்டால் எண்ணிக்கை குறையாது. மேலாளர் வாரியத் தலைவர் தலையாட்டுவது இதற்காகத்தான். அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள்.

நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியும் இப்படித்தான் போயிற்று. எங்களிடம் 9 பிள்ளைகள். புதிய இடத்தில் கட்டடம் வரும் வரை கேபின் வகுப்பறை என்றார்கள். இரண்டு ஆண்டு என்றார்கள், ஆறு ஆண்டு ஆயிற்று. நடுவில் குத்தகையாளர் மாறினார். நிலப்பட்டா பள்ளியின் பெயருக்கு மாறாமலே கிடந்தது, பட்டா மாறாததால் கட்டட ஒதுக்கீடும் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேன் தருகிறோம் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னார்கள். வேன் 11 மாதம் ஓடியது. டிசம்பரில் நின்றது. ஜனவரியில் 9 பேரில் 6 பேருக்கு மாறுதல் கடிதம் எழுதியது என் கை. எல்லாரும் மலாயில் பாடம் நடக்கும் பக்கத்து தேசியப் பள்ளிக்குப் போனார்கள்.

இன்று அந்தப் புதிய பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். மாடி வீடுகளுக்கு நடுவே வாசலில் இன்னமும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பலகை தொங்குகிறது.

உங்கள் தாளில் எழுத வேண்டியவை: புதிய நிலம் பள்ளிக்கென்று அரசிதழில் பதிவான பிறகே மாற்றம், நிரந்தரக் கட்டடம் முடியும் வரை இப்போதைய பள்ளி இதே இடத்தில் நடக்க வேண்டும், கடைசிப் பிள்ளை ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை வேன், செலவு யாருடையது என்ற விவரத்தோடு. மூன்றாவதை அடித்துவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.


எழுதியவர்: கிள்ளான் அப்பா

பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்திலிருந்து ஒருவனாவது பேச வேண்டும் அல்லவா?

நான் ஒரு வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கிறேன். தோட்டத்திலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் எங்கள் தெருவில் பாதி. மிக அருகில் உள்ள தமிழ்ப்பள்ளி 11 கிலோமீட்டர். சீனப்பள்ளி 700 மீட்டர். கிள்ளானில் சிம்பாங் லீமா போன்ற நாட்டிலேயே பெரிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் அவை வேறு பக்கம். காலை ஆறு மணிக்கு ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏற்றிப் பாருங்கள், இனமானம் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும். என் பெரியவனைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினேன். சின்னவள் சீனப்பள்ளி. மேடையில் பேசுகிறவர்கள் என்னைத் துரோகி என்பார்கள். வேன் கட்டணம் அவர்கள் கட்டவில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை 2000களில் ஒரு லட்சத்தைத் தொட்டது. இப்போது 80 ஆயிரத்தைச் சுற்றி நிற்கிறது. இதற்கு நம் பிறப்பு விகிதம் ஒரு காரணம், இடம் தவறி நிற்கும் பள்ளிகள் இன்னொரு காரணம். உங்கள் பள்ளியில் 13 பேருக்கு எட்டு ஆசிரியர். எங்கள் பெரியவன் வகுப்பில் 38 பேருக்கு ஒருவர். சகோதரி, மன்னிக்கவும், எனக்கு அந்த உரிமம் வேண்டும்.

வேன் நிபந்தனையை மட்டும் நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 'கட்டடம் முடியும் வரை நகர மாட்டோம்' என்றால் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் மாண்டரின் பேசத் தொடங்கிவிடுவார்கள்.


எழுதியவர்: தேசியப் பள்ளித் தமிழாசிரியை

அக்கா, நான் ஒரு தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். "வேன் நின்றால் பக்கத்து தேசியப் பள்ளி" என்று பெரியவர் எழுதிய இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும். 15 என்பதுதான் வரம்பு. உங்களிடம் 13. அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மூவரும் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள். அந்தத் தேசியப் பள்ளியில் ஏற்கெனவே தமிழ்ப்பிள்ளைகள் சிலர் இருந்தால் சேர்ந்து 15 தேறலாம். தேறாவிட்டால் உங்கள் பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பள்ளியில் பார்க்கவே மாட்டார்கள்.

15 தேறினாலும் அதோடு முடிவதில்லை. ஆசிரியர் வேண்டும், பாடவேளை வேண்டும். என் வகுப்பு வாரத்தில் இரண்டு முறை, பிள்ளைகள் வீட்டுக்குப் போகத் துடிக்கும் நேரத்தில் நடக்கிறது. பெற்றோர் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. என் பள்ளியில் 22 தமிழ்ப்பிள்ளைகள் இருந்தும் கடிதம் 12தான் வந்தது. மீதிப் பத்து வீடுகளுக்கும் ஒரு சனிக்கிழமை முழுக்க நானே மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். மூன்று வீட்டில் "தமிழ் படித்து என்ன ஆகப் போகிறது டீச்சர்" என்று தமிழில்தான் கேட்டார்கள்.

ஆகவே கையெழுத்துக்கு முன் அந்தத் தேசியப் பள்ளிக்குப் போய், எத்தனை தமிழ்ப்பிள்ளைகள், தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். இலாகா சொல்லும் மாற்றுவழி உண்மையில் வழிதானா என்பது அங்கேதான் தெரியும்.


எழுதியவர்: எடைமேடைக் கிராணி

எல்லாருக்கும் நன்றி. கிள்ளான் அண்ணனுக்கும்தான். முதலில் படித்தபோது கோபம் வந்தது. பிறகு, அவர் பிள்ளை ஆறு மணிக்கு வேன் ஏறுவது என் பிள்ளைக்கும் நாளை நடக்கப் போவதுதான் என்று தோன்றியது.

சனிக்கிழமை கணவர் லோரி இல்லாத நாள். அவரோடு மோட்டார் சைக்கிளில் அந்தப் புதிய இடத்துக்குப் போனேன். 40 கிலோமீட்டர் என்றார்கள். மீட்டரில் 46 காட்டியது. எடை பார்த்தே பழகிவிட்டதால் இதையெல்லாம் விட முடியவில்லை. மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன, கோயிலுக்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள், மளிகைக்கடையில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. தமிழ்க்குடும்பங்கள் நிறைய என்று சொன்னது பொய்யில்லை. பள்ளி நிலம் என்று காட்டிய இடத்தில் லாலாங் புல் இடுப்பளவு. ஓரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் 'எதிர்கால மேம்பாட்டுக்கு' என்று மலாயில் எழுதியிருந்தது. பள்ளி என்ற சொல் எங்கும் இல்லை. படம் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தேசியப் பள்ளிக்குப் போனேன். மரியாதையாகவே பேசினார்கள். தமிழ்ப்பிள்ளைகள் 4 பேர். தமிழ் வகுப்பு இல்லை. யாரும் கேட்கவில்லையாம்.

4 பேரும் எங்களில் மிஞ்சும் 10 பேரும் சேர்ந்தால் 14. என் மகனைச் சேர்த்தால் 15. ஆனால் அவனுக்கு ஏழு வயதாக இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கிறது, அதற்குள் இப்போது ஐந்தாம் ஆண்டு படிக்கும் இருவர் போய்விடுவார்கள். இரவு படுத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எந்த ஆண்டும் 15 வரவில்லை.

ஐயா, நீங்கள் சொன்ன சட்டத்தை என் மாமாவிடம் சொன்னேன். அப்போது 10 பிள்ளை இருந்தால் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்றார்கள், இப்போது 13 பிள்ளை இருந்தும் பள்ளியை வைக்க முடியாது என்கிறார்களா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு சந்தேகம். இதையெல்லாம் பெரிதாக்கினால், தமிழ்ப்பள்ளியே கூடாது என்று வழக்குப் போட்டவர்களுக்குத்தான் சாதகமாகும், பேசாமல் போட்டுவிடு என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?


எழுதியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

இல்லை அம்மா. அந்த வழக்கு வேறு. தமிழ், சீனப் பள்ளிகள், மலாயைத் தேசிய மொழி என்று சொல்லும் அரசியலமைப்பின் 152ஆம் பிரிவுக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்டது அது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 21(2) என்று ஒரு பிரிவு இருந்தது. அமைச்சர் நினைத்தால் தமிழ்ப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றிவிடலாம் என்ற கத்தி அது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவும் போய்விட்டது. நீங்கள் வேன் கேட்பதால் எந்தத் தீர்ப்பும் மாறாது.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. 2019ல் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில் ஜாவி எழுத்து (மலாயை அரபு வடிவில் எழுதுவது) சேர்க்கப் போகிறார்கள் என்றபோது ஊரெங்கும் கூட்டம், கண்டனம், மகஜர். மூன்று பக்கமாகக் குறைத்து, பெற்றோர் சம்மதித்தால்தான் என்று அமைச்சரவை இறங்கி வந்தது. சரி, கொதித்தது தவறில்லை. ஆனால் நிலப்பட்டா ஒன்றைப் பள்ளியின் பெயருக்கு மாற்றக் கோரி அப்படி ஒரு கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை. நில அலுவலகத்துக்கு நடக்கிற நடைக்கு மேடை கிடையாது, மாலை கிடையாது.

உங்கள் மகனைப் பற்றி எழுதினீர்கள். தோட்டத்தில் பாலர் வகுப்பு இல்லை என்று நினைக்கிறேன். அதையும் கேளுங்கள். மாற்றம் உடனே நடக்காது என்றால், அதுவரை என் பிள்ளை எங்கே போவான் என்பது நியாயமான கேள்வி.


எழுதியவர்: எடைமேடைக் கிராணி

கூட்டம் நேற்று நடந்தது. 10 குடும்பத்தில் 9 வந்தன. நானே எழுதிய தாளை வாசித்தேன், கை நடுங்கியது. ஐயா சொன்ன மூன்றும், அறிவிப்புப் பலகையின் படமும், பாலர் வகுப்பும். அண்ணனுக்காக ஒன்றை மட்டும் மாற்றினேன்: முழுக் கட்டடமும் முடிய வேண்டும் என்பதை எடுத்துவிட்டு, நிலம் பள்ளியின் பெயருக்கு மாறிக் கட்டட வேலை தொடங்கினால் போதும் என்று எழுதினோம். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தடுக்கவில்லை.

அதிகாரி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். இதை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேன் செலவு தம் இலாகாவின் கீழ் வராது, மேலே அனுப்புகிறேன் என்றார். முத்திரை குத்தி ஒரு நகல் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் கொண்டுவந்த தாளில் கையெழுத்துக் கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

கிள்ளான் அண்ணா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் பார்ப்பதற்கு எவ்வளவு கட்டணம், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று தெரியுமா? அடுத்த வாரம் ஒரு நாள் விடுப்பு எடுக்கப் போகிறேன்.


எழுதியவர்: கிள்ளான் அப்பா

நிலத்தின் லாட் (மனை) எண் இருந்தால் போதும், வீடு கட்டும் நிறுவனத்தின் விற்பனை அலுவலகத்தில் வரைபடத்தில் இருக்கும். வீடு வாங்க வந்தவர் மாதிரி போய்க் கேளுங்கள். நாளை நான் என் பக்கத்து அலுவலகத்தில் கட்டணத்தை விசாரித்து எழுதுகிறேன்.